சிதையாத மரபணுவும் செயலிழக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுரையீரல் புற்றுநோய் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை, உயிர்வேதியியல் கற்பிக்கும் நான் என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். புகையிலையின் பங்கை அவ்வளவு தெளிவாக விளக்கிய அக்கட்டுரையில், கட்டிகளை அடக்கிவைக்கும் மரபணுக்கள் திடீர்மாற்றத்தால் சிதைந்தால் மட்டுமே செயலிழக்கும் என்ற ஒரு வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

டி.என்.ஏ. வரிசையில் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரு மரபணு அடைபட்டுப் போகலாம். எஃப்.எச்.ஐ.டி., டபிள்யூ.டபிள்யூ.ஓ.எக்ஸ். என்னும் இரு புற்றடக்கி மரபணுக்களின் தொடக்கப் பகுதியில், நுரையீரல் புற்றுநோயில் மெத்தில் குழுக்கள் என்னும் சிறு வேதித் துணுக்குகள் படிந்து அவற்றைப் பூட்டிவிடுவதுண்டு. அக்குழுக்களை ஒட்டுபவை டி.என்.எம்.டி. நொதிகள். அந்த நொதிகளை அளவோடு வைத்திருப்பதில் மிர்-29 என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ. குடும்பத்துக்குப் பங்குண்டு. ஏறத்தாழ 22 எழுத்து நீளமே கொண்ட இவை எந்தப் புரதத்துக்கும் குறியீடு தாங்காதவை. நொதிக்கான குறியீட்டை மரபணுவிலிருந்து எடுத்துச்செல்லும் தூது ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் பொருந்திக்கொண்டு, நொதி உருவாவதையே குறைக்கின்றன. மிர்-29 குன்றினால் நொதி பெருகும், பூட்டும் இறுகும். 2007இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்லோ குரோச்சேயின் குழு, நுரையீரல் புற்றுச் செல்களுக்குள் மிர்-29ஐ மீண்டும் செலுத்தியபோது அவ்விரு மரபணுக்களும் விழித்துக்கொண்டன; எலிகளில் கட்டி உருவாகும் திறனும் குறைந்தது. சிதைந்த மரபணுவை இப்படி எழுப்ப இயலாது என்பதால்தான், அந்த ஒரு வரியைச் சிறு பிழையென்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

மிர்-21 என்னும் மற்றொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. இதற்கு நேர்மாறு. அது புற்றுச் செல்லில் அளவுமீறிப் பெருகி, பி-டென் என்னும் புற்றடக்கியின் தூது ஆர்.என்.ஏ.மீதே நேரடியாக அமர்ந்து அதன் புரதத்தைக் குறைக்கிறது.

இதைப் படிக்கும் நோயாளிகளின் குடும்பத்தார், மருந்து கைக்கெட்டிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது என்ற கவலையும் எனக்கு உண்டு. பி-53 புற்றடக்கியே தூண்டிவிடும் மிர்-34ஏ என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் செயற்கை வடிவமான எம்.ஆர்.எக்ஸ்.34 என்னும் மருந்து, புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டபோது, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகள் தோன்றியதால் 2016இல் அச்சோதனை நிறுத்தப்பட்டது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்த பிறகும் இந்தச் சிகிச்சை ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். என் மாணவர்கள் அக்கட்டுரையை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். திருத்தத்தையும் அதன் பக்கத்திலேயே ஒட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்