லூவ்ர் அருங்காட்சியகத்தைச் சரியாகக் காட்டாதது குறித்துப் புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம்.

பெறுநர்:
மேலாளர்,
சுற்றுலா நிறுவனம், கோயம்புத்தூர்.

பொருள்: பாரிஸ் பயணத்தில் சொன்னபடி நடக்காதது, பணம் திரும்பக் கேட்பது.

ஐயா, வணக்கம்.

உங்கள் ஐரோப்பா சுற்றுலாவுக்குக் கோபியிலிருந்து வந்தவர்களில் நானும் ஒருத்தி. ஓட்டல், சாப்பாடு, பஸ் எதிலும் குறையில்லை. என் புகார் லூவ்ர் பற்றியது.

"அரை நாள், வழிகாட்டியுடன்" என்று உங்கள் பயணத் திட்டத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். வழிகாட்டி வரவே இல்லை. கண்ணாடிப் பிரமிடுக்குள் இறங்கியதும் உங்கள் டூர் மேனேஜர் கொடியைத் தூக்கிக்கொண்டு எங்களை நேரே மோனாலிசாவிடம் விரட்டினார்.

வழியில் படிக்கட்டின் உச்சியில் சமோத்ராஸின் வெற்றி தேவதை என்ற பழைய கிரேக்கச் சிலை நிற்கிறது. நனைந்த துணி வயிற்றில் ஒட்டி, தொடைப் பக்கம் மடிமடியாகச் சுருண்டு காற்றில் பின்னால் பறக்கிறது. பளிங்கில் செதுக்கியது என்றால் நம்ப முடியாது. துணி மடிப்பு வரையச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் இந்தச் சிலையின் படத்தைத்தான் பிள்ளைகளிடம் காட்டியிருக்கிறேன். நேரில் அதன் முன்னால் நின்றபோது, "போட்டோ எடுத்தாச்சுங்களா? வாங்க, வாங்க" என்று அவசரப்படுத்தினார். மோனாலிசா 77 சென்டிமீட்டர் உயரம்தான். எதிர்ச் சுவரில் இத்தாலிய ஓவியர் வெரோனேசே வரைந்த, பைபிளில் வரும் கானா ஊர்க் கல்யாணம் ஏறக்குறைய 10 மீட்டர் அகலம். திரும்பிப் பாருங்கள் என்று சொல்லக்கூட எங்களுக்கு ஆளில்லை.

அப்புறம் சென்ட் கடைக்குக் கிளம்பச் சொன்னார். நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். "இதே டிக்கெட்டில் திரும்பி வரலாங்க" என்றார். அதை நம்பி வெளியே போனேன். திரும்பி வந்தால் வாசலில் விடவில்லை. வெளியேறியவர்கள் அதே டிக்கெட்டில் மறுபடி நுழைய முடியாது என்பது அங்கே விதி. வருடா வருடம் ஆட்களைக் கூட்டிப்போகிற உங்களுக்கு இது தெரியாதா?

அது வெறும் படக் கூடம் இல்லை. 12ஆம் நூற்றாண்டு முடிகிற சமயம் பிரெஞ்சு அரசர் இரண்டாம் பிலிப் கட்டிய கோட்டையின் அடிச்சுவர் இன்றும் கீழ்த்தளத்தில் இருக்கிறது. பின்னால் அரண்மனையாகி, 1682-இல் 14ஆம் லூயி அரசவையை வெர்சாய்க்கு மாற்றிய பிறகு, 1793-இல் புரட்சி அரசு மக்களுக்குத் திறந்துவிட்ட இடம். அந்தச் சுவரையும் பார்க்கவில்லை, பழைய பாபிலோன் அரசர் ஹம்முராபியின் சட்டக் கல்லையும் பார்க்கவில்லை. எங்களோடு மஞ்சள் விற்ற காசில் வந்தவர்களும் இருந்தார்கள். இன்னொரு தடவை போய்க்கொள்ளலாம் என்று அவர்களிடம் யார் சொல்வது?

வழிகாட்டிக்கென்று வாங்கிய தொகையையும் லூவ்ர் நுழைவுக் கட்டணத்தையும் குழுவில் எல்லோருக்கும் திருப்பித் தர வேண்டும். அடுத்த குழுவுக்காவது கடையை அந்த அரை நாளிலிருந்து எடுத்துவிடுங்கள். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், பயணத் திட்டத்தையும் ரசீதையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பயணக் குழுவில் வந்த ஓவிய ஆசிரியை