2024 ஆண்டறிக்கை: முதல் பேஸும் அவுட்ஃபீல்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணியைப் பின்தொடரும் நம் தமிழ் ரசிகர் சங்கத்தின் 2024ஆம் ஆண்டறிக்கையைப் பணிவுடன் முன்வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சேர்ந்து ஆட்டம் பார்க்கும் கூடல்கள் வழக்கம்போல் நடந்தன. பெரில் புயல் வந்த ஜூலையில் மட்டும் பாதி உறுப்பினர்கள் வீட்டில் மின்சாரம் இல்லாததால் கூட முடியவில்லை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்பது அவர்களுக்கே தெரியும். இங்கே பெயர் வாசிக்கப்போவதில்லை.

அணியின் ஆண்டு எப்படிப் போனது என்பதையும் அறிக்கையில் சேர்க்கும்படி உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். 88 வெற்றி, 73 தோல்வி, பிரிவில் முதலிடம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் 2017 முதல் 2023 வரை ஏழு ஆண்டுகள் விடாமல் அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றில் ஆடிய அணி, இம்முறை முதல் சுற்றிலேயே வெளியேறியது. காரணம் பந்துவீச்சு என்று சிலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பந்தை அடித்தவர் முதலில் ஓடிச் சேரும் முதல் பேஸிலும், பேஸ்களுக்கு அப்பால் இருக்கும் வெளிப்பரப்பான அவுட்ஃபீல்டிலும் நிறுத்த ஆளில்லாமல்தான் இந்த ஆண்டு முழுவதும் தள்ளாடினோம்.

புதிய உறுப்பினர்களுக்காக ஒரு விளக்கம். முதல் பேஸில் நிற்பவரிடம் எந்த அணியும் முதலில் எதிர்பார்ப்பது பேட்டிங்கைத்தான். மட்டை பேசினால் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்வார்கள். நம் பழைய வீரர் ஜெஃப் பேக்வெல் 449 ஹோம் ரன் (பந்தைச் சுவருக்கு அப்பால் அடிப்பது) அடித்த இடம் அது. 2021இல் யூலி குரியல் லீக்கின் பேட்டிங் சராசரியில் முதலிடம் பிடித்ததும் அங்கே நின்றுதான். குரியலுக்குப் பிறகு 5.85 கோடி டாலருக்கு மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஹோசே அப்ரேயுவைக் கொண்டுவந்தார்கள். 2020இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது அவருக்கு வயது 35. முதல் ஆண்டு எப்படியோ ஓடியது. 2024இல் 35 ஆட்டங்களில் அவர் சராசரி .124, அதாவது நூறு முயற்சிக்குப் பன்னிரண்டு அடிதான். நடுவே ஃபுளோரிடா பயிற்சி முகாமுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். திரும்பி வந்தும் மட்டை எழவில்லை. ஜூன் மாதம் விடுவித்தார்கள். 2025ஆம் ஆண்டுச் சம்பளமான 1.95 கோடி டாலர், அவர் ஆடினாலும் ஆடாவிட்டாலும், அணியின் கணக்கில் செலவுதான்.

அவருக்குப் பதிலாக நின்றவர் ஜான் சிங்கிள்டன். 2014இல் பெரிய லீகில் (எம்.எல்.பி. என்னும் உச்ச நிலைத் தொடர்) ஓர் ஆட்டம்கூட ஆடுமுன்பே ஐந்தாண்டு ஒப்பந்தம் பெற்று, பிறகு பல ஆண்டுகள் பெரிய லீகின் பக்கமே வராமல் இருந்து, 2023இல் மீண்டவர். அவர் கதை எனக்குப் பிடிக்கும். அதற்காக 13 ஹோம் ரன் முதல் பேஸுக்குப் போதும் என்று சொல்ல முடியாது. குறை அவருடையது அன்று. மாற்று ஆள் ஒருவரைக்கூட வைத்துக்கொள்ளாமல் சீசனைத் தொடங்கிய நிர்வாகத்தின் குறை அது.

அவுட்ஃபீல்டின் கதை இன்னும் சோகம். வலது ஃபீல்டில் நிற்கும் கைல் டக்கர் ஜூன் தொடக்கத்தில் தான் அடித்த பந்தையே கணைக்காலில் வாங்கிக்கொண்டார். வீக்கம் என்றார்கள், எலும்பு முறிவு என்று பிறகுதான் சொன்னார்கள். செப்டம்பர் வரை அவர் இல்லை. முந்தைய ஆண்டு 22 ஹோம் ரன் அடித்த சாஸ் மெக்கார்மிக் இந்த ஆண்டு ஏழோடு நின்றார். ஜேக் மையர்ஸ் நடு ஃபீல்டில் எந்தப் பந்தையும் ஓடிப் பிடிப்பார், அடிக்கத்தான் மாட்டார். யோர்டன் ஆல்வரேசின் முழங்கால்களை நினைத்து அவரை இடது ஃபீல்டில் நிறுத்தவே பயம். இளைஞர் ஜோயி லோபர்ஃபிடோவை ஜூலையில் பந்து எறியும் பிட்சர் யூசேய் கிக்குச்சிக்காக டொராண்டோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கிக்குச்சி நன்றாகவே எறிந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆகஸ்ட் கடைசியில், டாட்ஜர்ஸ் விடுவித்த ஜேசன் ஹேவர்டை எடுத்து ஒப்பேற்றினார்கள்.

7 வெற்றி, 19 தோல்வி என்று தொடங்கி, ஜூன் நடுவில் சியாட்டிலைவிடப் பத்து ஆட்டம் பின்தங்கி, அதிலிருந்து மீண்டு பிரிவை வென்றது சாதனைதான். அதன் பிறகு முதல் சுற்றில் டெட்ராய்ட்டுடன் நடந்த இரண்டு ஆட்டங்களும் வேலை நாள் மதியத்தில் வந்தன. எத்தனை பேருக்கு அன்று திடீர்க் காய்ச்சல் வந்தது என்று நான் விசாரிக்கவில்லை. முதல் ஆட்டத்தின் கடைசி இன்னிங்சில் மூன்று பேஸிலும் நம் ஆள். ஹேவர்டு ஓங்கி அடித்தார். பந்து நேரே எதிரணியின் முதல் பேஸ்காரர் டார்கல்சன் கையுறைக்குள் போயிற்று. 3–1 தோல்வி. அவுட்ஃபீல்டுக்குக் கடைசி நேரத்தில் பிடித்து வந்தவர் அடித்ததை அவர்களுடைய முதல் பேஸ் பிடித்து முடித்துவைத்தது. நம்முடைய இரண்டு நோயும் ஒரே பந்தில்! மறுநாள் 5–2.

டிசம்பரில் டக்கரை ஷிகாகோ கப்ஸுக்கு மாற்றி இசாக் பரேதஸ், ஹேடன் வெஸ்னெஸ்கி, கேம் ஸ்மித் ஆகியோரைப் பெற்றார்கள். அடுத்த சில நாள்களில் நோலன் அரெனாடோவை மூன்றாம் பேஸுக்குக் கேட்டார்கள். அவர் ஹூஸ்டனுக்கு வர மறுத்தார். அதன் பிறகுதான் முதல் பேஸுக்குக் கிறிஸ்டியன் வாக்கர், 6 கோடி டாலர், மூன்றாண்டு. சிறந்த ஃபீல்டருக்கான தங்கக் கையுறை விருதைத் தொடர்ந்து மூன்று ஆண்டு பெற்றவர், 2024இல் 26 ஹோம் ரன். முதல் பேஸ் கவலை தீர்ந்தது என்றே நம்புகிறேன். ஆனாலும் 33 வயதுக்காரருக்கு மூன்றாண்டு என்றதும் அப்ரேயு நினைவுக்கு வராமலில்லை.

அந்தக் கவலை தீர்ந்த வேகத்தில் அவுட்ஃபீல்டு காலியாகிவிட்டது. இந்த அறிக்கை எழுதும் 2025 தொடக்கத்தில் அங்கே மையர்ஸ், மெக்கார்மிக், எங்கே நிறுத்தினாலும் நிற்கும் டுபோன் ஆகியோரைத் தவிரச் சொல்லிக்கொள்ள ஆளில்லை. ஒப்பந்தம் முடிந்திருக்கும் நம் மூன்றாம் பேஸ்காரர் பிரெக்மன் திரும்பி வந்தால், ஹோசே ஆல்டூவே தன் இரண்டாம் பேஸை விட்டுக்கொடுத்து இடது ஃபீல்டுக்குப் போவார் என்கிறார்கள். நம் மைதானத்தில் இடது சுவர் 315 அடியில்தான் இருக்கிறது, ஓடவேண்டிய தூரம் குறைவு, சமாளித்துவிடுவார். வெளியூர் மைதானங்களில் என்ன செய்வார் என்பதுதான் என் கேள்வி.

அவுட்ஃபீல்டு பற்றிய இந்தக் கவலையைத் தீர்மானமாக எழுதி அணி அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும் என்று ஓர் உறுப்பினர் கோரினார். தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள், ஆங்கிலத்தில் யார் எழுதுவார்கள் என்ற விவாதத்தில் அந்தக் கூட்டமே முடிந்துவிட்டதால், அது நிலுவையில் இருக்கிறது.

2025 ஜனவரி முதல் நம் மைதானத்தின் பெயர் டைக்கின் பார்க். 2025 மார்ச் 27 அன்று மெட்ஸ் அணியுடன் முதல் ஆட்டம். ஒன்றாக அமர டிக்கெட் வேண்டுபவர்கள் இன்று தேநீர் இடைவேளைக்குள் துணைச் செயலாளரிடம் பெயரும் பணமும் கொடுத்துவிடவும். பணமில்லாமல் பெயர் மட்டும் எழுதிக்கொள்ளும் வழக்கம் இந்த ஆண்டிலிருந்து இல்லை.

நன்றி.
செயலாளர்