வேர் சுற்றிய மரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். செடி அடையாளத் தேர்வில் 20க்கு 9தான் வந்தது என்றாய். கூடப் படித்தவர்கள் எல்லாம் பெரிய பல்கலைக்கழகங்களில் இருக்க, நான் மட்டும் சமுதாயக் கல்லூரியில் அலங்காரத் தோட்டக்கலை படிக்கிறேன், அதிலும் செடிக்குப் பெயர் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன் என்றாய். போனில் பதில் சொல்லப் போனால் உன் குரல் தழுதழுக்கும், நான் உடனே பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நான் 26 வருடம் தோட்ட வேலை பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒரு அலுவலக வளாகத்தில் நடைபாதையின் இரண்டு பக்கமும் 40 மரக்கன்று நட்டேன். நல்ல ஆழமான குழி, மக்கிய எரு, தினமும் தண்ணீர். எல்லாம் ஒழுங்காகச் செய்ததாகத்தான் நினைத்தேன். நாலைந்து வருடம் பார்க்கவே அழகாக வளர்ந்தன. அப்புறம் ஒவ்வொன்றாக நுனி காய ஆரம்பித்தது. தண்ணீரைக் கூட்டினேன், உரம் வைத்தேன், பூச்சி மருந்துகூட அடித்தேன். எட்டாம் வருடம் பெரிய காற்று என்று சொல்ல முடியாத ஒரு காற்றுக்கே ஒரு மரம் அடியோடு சாய்ந்தது.

அதன் தூரில் உட்கார்ந்து மண்ணைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தேன். வேர் எதுவும் வெளியே ஓடவே இல்லை. நர்சரித் தொட்டிக்குள் எப்படிச் சுற்றியிருந்ததோ அப்படியே, கயிற்றுச் சுருள் மாதிரி, தன்னையே சுற்றிச் சுற்றித் தடித்திருந்தது. என் கட்டைவிரலைவிடப் பெரிய ஒரு வேர் தண்டின் அடியை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்த இடத்தில் பட்டை உள்வாங்கி, இறுக்கிக் கட்டிய மூட்டை போல இருந்தது. தொட்டியை விட்டு வந்து எட்டு வருடம் ஆகியும் அந்த வேருக்குத் தொட்டி போகவில்லை.

நடுகிற அன்றைக்கே வேர்ப்பந்தின், அதாவது வேரும் மண்ணும் சேர்ந்த உருண்டையின், வெளிப்புறத்தைச் சுற்றி ஒரு அங்குலம் சீவி எடுத்திருந்தால் புது வேர் நேராக வெளியே ஓடியிருக்கும். குழியை வேர்ப்பந்தின் உயரத்துக்குமேல் ஆழமாக்கியிருக்கக் கூடாது. அகலம்தான் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். தண்டு விரிந்து வேராக மாறுகிற தூர்ப்பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். நான் அதையும் புதைத்து, மூடாக்கு என்று சருகைத் தண்டோடு மலை மாதிரி குவித்தும் வைத்தேன். ஈரம் பட்டையிலேயே தங்கியது. இதெல்லாம் பிறகு ஒரு மர வைத்தியர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அனுபவம் இருந்தால் போதாதா, எதற்குப் படிப்பு என்று நம் சொந்தக்காரர்கள் உன்னிடம் கேட்டார்கள் அல்லவா? நானும் அன்றைக்கு வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். திறந்திருக்க வேண்டும். எட்டு வருடம் கழித்துத் தெரிகிற தப்பை ஒருவன் அனுபவத்தில் எப்படிக் கற்றுக்கொள்வான்? அதற்குள் இன்னும் 400 மரத்தை அதே மாதிரி நட்டிருப்பான். நான் நட்டேன். நீ அதை முதல் செமஸ்டரிலேயே, ஒரு மதியத்தில், ஒரு செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்வாய்.

கிளை வெட்டுகிற கவாத்தும் அப்படித்தான். எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் கிளையைத் தண்டோடு ஒட்ட, வழவழவென்று வெட்டித் தார் பூசச் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை, அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். அமெரிக்க வனத்துறையில் விஞ்ஞானியாக இருந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்துத்தான் மரத்தின் காயம் நம் தோலில் படுகிற காயம் மாதிரி ஆறுவதில்லை என்று விளக்கினார். கெட்டுப்போன பகுதியை மரம் உள்ளேயே சுவர் வைத்து அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதுக் கட்டை வளர்க்கிறது. கிளை தண்டோடு சேருகிற இடத்தில் சட்டைக் கழுத்துப் பட்டி மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், கையால் தடவினால் தெரியும். அந்தச் சுவர் எழுவதற்கு அதுதான் முக்கியமான இடம். ஒட்ட வெட்டினால் அதையே வெட்டி எறிந்துவிடுகிறோம். பெரிய கிளையானால் முதலில் கொஞ்சம் தள்ளிக் கீழிருந்து ஒரு வெட்டு, அதற்கும் வெளியே மேலிருந்து ஒரு வெட்டு. கிளை பட்டையை உரிக்காமல் விழும். கடைசியாக அந்தப் புடைப்பை ஒட்டி வெளியே மூன்றாவது வெட்டு. தார் வேண்டாம். உனக்கு இதைக் காட்டும்போது ரம்பத்தைக் கேட்டு வாங்கி நீயே வெட்டிப் பார், பின்வரிசையில் நிற்காதே.

சரி, உன் 9 மதிப்பெண்ணுக்கு வருகிறேன். லத்தீன் பெயர் எதற்கு என்று கேட்டாய். நாம் அரளி என்கிறோம், பொன்னரளி என்கிறோம். ஒரே செடியின் இரண்டு நிறம் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். அரளி நீரியம் ஒலியாண்டர், பொன்னரளி காஸ்கபேலா தெவீஷியா. குடும்பம் ஒன்று, விஷமும் இரண்டிலும் உண்டு, ஆனால் செடி வேறு. குரோட்டன் என்று எல்லோரும் வாங்குகிற வண்ண இலைச் செடியின் பெயர் கோடியம் வேரிகேட்டம். குரோட்டன் என்ற பேரினம் தனியாக வேறொன்று இருக்கிறது. 1753இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தாவரவியலாளர் தனக்குத் தெரிந்த எல்லாச் செடிக்கும் இரண்டு சொல்லில் பெயர் வைத்து எழுதியதால்தான், உலகத்தின் எந்த மூலையில் இருக்கிற நர்சரிக்கும் நீ கேட்பது எந்தச் செடி என்று புரிகிறது.

பெயரைத் தாளில் எழுதி மனப்பாடம் செய்யாதே பாப்பா. ஒரு கிளையைக் கையில் எடு. இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா, ஒரு கணுவில் எத்தனை? அரளியில் பெரும்பாலும் ஒரு கணுவுக்கு மூன்று இலை, பொன்னரளியில் ஒன்று ஒன்றாகத் தண்டைச் சுற்றி ஏறும். மொட்டைப் பார், கசக்கலாம் என்று ஆசிரியர் சொன்ன இலையைக் கசக்கி மோந்து பார். பிறகு பெயரைச் சத்தமாகச் சொல். விரலுக்குத் தெரிந்தது தேர்வில் மறக்காது. வாரம் 20 செடி என்றால் ஒரு நாளைக்கு மூன்றுதான்.

வரைபட வகுப்பு அலுப்பாக இருக்கிறது என்றாய். அதில் மட்டும் உன்னோடு ஒத்துப்போக மாட்டேன். செடி வாங்குகிற அன்று இருக்கிற அளவை வரையாமல், முழுதாக வளர்ந்தபின் இருக்கும் அகலத்தை வட்டமாக வரையச் சொல்கிறார்கள் இல்லையா, அந்த ஒரு பழக்கம் எனக்கு இருந்திருந்தால் எத்தனையோ செடி பிழைத்திருக்கும். நட்ட அன்றைக்கே நிறைந்து தெரிய வேண்டும் என்று கேட்பார்கள். நானும் ஒரு அடிக்கு ஒன்றாக நெருக்கி நடுவேன். மூன்றாம் வருடம் ஜன்னலை மறைக்கும், பாதையை அடைக்கும், மாதா மாதம் வெட்டி வெட்டிப் பெட்டி மாதிரி ஆக்குவேன், உள்ளே வெறும் குச்சிதான் மிஞ்சும். காகிதத்தில் வட்டங்களுக்கு நடுவே வெறுமை தெரியும்போது உனக்குச் சங்கடமாக இருக்கும். விட்டுவிடு. அது செடிகளுக்கான இடம்.

கணக்கையும் தள்ளிப்போடாதே. 100 சதுர அடிக்கு 3 அங்குல மூடாக்கு என்றால் 25 கன அடி வேண்டும். நான் எப்போதும் கண்ணளவில் சொல்லி, ஒன்று பாதியில் தீர்ந்துபோகும், இல்லாவிட்டால் பாதி மிஞ்சும். தரை கட்டடத்தை விட்டு 100 அடிக்கு 2 அடியாவது சரிய வேண்டும் என்பதும் கணக்குதான். அதை மட்டம் வைத்துப் பார்க்காமல் விட்டால் முதல் மழையில் சுவரோரம் குளம் கட்டும்.

பல்கலைக்கழகம் போகவில்லை என்ற வருத்தத்தை நான் சின்னதாகப் பேசமாட்டேன். உன் வயதில் அது வலிக்கும். ஆனால் உன் வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று நீயே சொன்னாய். பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வருகிறவர், பிள்ளைகளை வளர்த்துவிட்டு இப்போது படிக்க வந்த அம்மா, ஏற்கெனவே புல்வெளி வேலை எடுத்துச் செய்கிறவர். அவர்களோடு பசுமைக்குடிலில் குச்சி நட்டுப் பழகு. அவர்களிடம் நிறையக் கேள். இரண்டு வருடம் முடிந்தபின் மேலே படிக்க வேண்டும் என்று தோன்றினால் படி, நான் இருக்கிறேன்.

என் கவாத்துக் கத்தரியைத் தீட்டி, ஸ்பிரிங்கை மாற்றி வைத்திருக்கிறேன். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுப் போ. காதுக்கும் கண்ணுக்கும் போடுவதைப் போடாமல் இயந்திரத்தைத் தொடாதே. எனக்கு இடது காது எப்படிக் கேட்கிறது என்று உனக்கே தெரியும்.

நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது வாசலில் நான் நட்ட மரம் இந்த வருடம் ஒரு பக்கம் இலை குறைந்து நிற்கிறது. தூர் விரிவு வெளியே தெரியவில்லை, தண்டு கம்பம் மாதிரி நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. நான் இன்னும் தொடவில்லை. விடுமுறைக்கு நீ வந்ததும் இருவரும் உட்கார்ந்து மண்ணை ஒதுக்கிப் பார்ப்போம். எந்த வேரை வெட்டுவது, எதை விடுவது என்று நீ சொல். நான் வெட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா