பட்டியல் போதாது, ஹூக்கும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறையையொட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த 'ஸ்கிராபிள் ஆடுவோருக்கு அரிய ஆங்கிலச் சொற்கள்' பட்டியலைப் பார்த்தேன். எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஆட்டம்தான் ஸ்கிராபிள். பிள்ளைகள் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள் என்பதால்தான் எழுதுகிறேன். வழக்கொழிந்த சொல்லைப் பொருளோடு மட்டும் அச்சிட்டால் பலகையில் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. ஆட்டத்துக்கான அதிகாரபூர்வச் சொற்பட்டியல்களில் எதில் அது செல்லும், முன்னும் பின்னும் எந்த எழுத்து ஒட்டி வேறு சொல்லாகும் என்பதும் கூடவே வேண்டும். ஆட்டக்காரர்கள் 'ஹூக்' என்று சொல்வது அப்படி ஒட்டும் எழுத்தைத்தான்.

நீங்கள் முதலில் தந்திருக்கும் 'ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன்' 29 எழுத்து. பலகையில் ஒரு வரிசைக்கு 15 கட்டம்தான். முழுக்க உயிரெழுத்தாலான இ-யூ-ஓ-யூ-ஏ-இ அழகான சொல். ஆனால் 100 கட்டைகளில் யூ நான்கே. இரண்டு யூ, இரண்டு இ சேர்ந்து ஒரே கையில் வருவது அபூர்வம். உயிரெழுத்து குவிந்தால் ஏ-யூ-ஆர்-இ-ஐ உதவும். ரோமானியப் பொற்காசுகள் என்று பொருள். நான்கு உயிரெழுத்து ஒரே வீச்சில் இறங்கிவிடும். அது ஏற்கெனவே பன்மை. பின்னால் எஸ் போட்டு, எதிராளி அது செல்லாது என்று சேலஞ்ச் செய்தால் கட்டைகளைத் திரும்ப எடுக்க வேண்டும், அந்த முறைக்குப் புள்ளி பூஜ்யம்.

முதலில் படிக்க வேண்டியவை குட்டிச் சொற்கள். சி-எச் என்பது 'நான்' என்பதற்கான பழைய வட்டார வழக்கு. பிரிட்டனில் வழங்கும் காலின்ஸ் பட்டியலில் சி வரும் இரண்டெழுத்துச் சொல் இது ஒன்றே. வி-க்கு அதுவும் இல்லை. சி-எச் முன்னால் ஏ, இ, ஐ, ஓ ஒட்டும்; பின்னால் ஏ, இ, ஐ ஒட்டும்; எஸ் ஒட்டவே ஒட்டாது. நெருக்கமான பலகையில் ஒரு வார்த்தைக்கு இணையாக இன்னொன்றை வைக்க இந்த ஒரு சொல் போதும். ஆனால் வட அமெரிக்கப் பட்டியலில் இது செல்லாது. இந்தியப் போட்டிகளில் காலின்ஸ்தான். கைபேசியில் ஆடுவோர் அமைப்பில் எந்தப் பட்டியல் என்று பார்த்துவிட்டு ஆடட்டும். ஓடு வெட்டும் கருவியான இசட்-ஏ-எக்ஸ் இரண்டிலும் செல்லும். மூன்று எழுத்துக்கு 19 புள்ளி!

பழஞ்சொற்கள் பல உருமாறாதவை. 'சொன்னான்' எனப் பொருள்படும் 'க்வோத்' என்ற இறந்தகாலச் சொல்லுக்கு எஸ் கிடையாது, ஏ மட்டும் ஒட்டும். 'ஆடை அணிந்த' எனப் பொருள்படும் ஒய்-சி-எல்-ஏ-டி அப்படியே நிற்கும், பின்னால் எதுவும் ஒட்டாது. 'டஸ்', 'ஹாஸ்' என்பவற்றின் பழைய வடிவங்களான 'டோத்', 'ஹாத்' செல்கின்றனவே என்று எல்லா வினைச்சொல்லுக்கும் 'எத்' விகுதி போடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. 'ரன்னெத்' செல்லாது. மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய அகராதியில் ஒரு சொல் இருக்கிறது என்பதும் ஆதாரமாகாது.

இத்தனை பழஞ்சொற்கள் பட்டியலுக்குள் வந்ததற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் 2003 வரை சேம்பர்ஸ் அகராதியே ஆட்டத்துக்கு அடிப்படை. எடின்பரோவில் வளர்ந்த அந்த அகராதி ஸ்காட்லாந்து வழக்குகளையும் ஸ்பென்சர், ஷேக்ஸ்பியர் சொற்களையும் அக்கறையோடு சேர்த்தது. பிறகு பொறுப்பு காலின்ஸுக்குப் போனபோதும் அவை நிலைத்துவிட்டன.

ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்கும் இணைய விளையாட்டான வேர்டில் ஆடுவோருக்கு ஒன்று. எஸ்-ஓ-ஏ-ஆர்-இ, அதாவது இளம் வல்லூறைக் குறித்த பழைய சொல், முதல் முயற்சிக்கு நல்லது. விடையாக வரும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

மனப்பாடத்துக்கு அட்டை முறைதான் சிறந்தது. முன்பக்கம் எழுத்துகளை அகர வரிசையில் எழுதுங்கள்: எச்-ஓ-க்யூ-டி-யூ. பின்பக்கம் 'க்வோத்', அதன் ஹூக், செல்லும் பட்டியல். ஆட்டத்தில் எழுத்துகள் கலைந்தே வருவதால் சொல்லாகப் பார்த்துப் படித்தது கைகொடுக்காது. நாளுக்குப் பத்து அட்டை போதும். சரியாகச் சொன்னதை மூன்று நாள் கழித்தும் பிறகு ஒரு வாரம் கழித்தும் எடுங்கள். தவறினால் அந்த அட்டையை மறுநாளே முதலிலிருந்து தொடங்குங்கள். பொருளையும் ஒரு வரி எழுதுவது நல்லது. அது வினையா பெயரா என்று தெரிந்தால் விகுதியில் தடுமாற மாட்டார்கள்.

அடுத்த இணைப்பில் இதே பட்டியலை ஹூக், சொற்பட்டியல் என்று இரண்டு நெடுவரிசை கூட்டி மறுபடி வெளியிட வேண்டுகிறேன். இடம் போதாவிட்டால் எட்டெழுத்துக்கு மேற்பட்டவற்றை எடுத்துவிடலாம்.

– ஒரு வாசகர், மந்தைவெளி, சென்னை-28