எது போகும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக வாசகர்களே,

நமக்குப் பிடித்த மாயாஜால நாவல் படமாகிறது, அதில் எதையெல்லாம் வெட்டுவார்கள் என்று ஆளுக்கொரு ஊகம். படத்துக்கு இன்னும் வெளியீட்டுத் தேதிகூடக் குறிக்கவில்லை. நம் கையில் இருப்பது ஒரு நடிகர் பட்டியல், படப்பிடிப்புத் தளத்திலிருந்து கசிந்த இரண்டு மங்கலான புகைப்படங்கள், ஒன்றரை நிமிட டீசர். அதற்குள் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டீர்கள். "அந்தக் கிழவி கதாபாத்திரத்தையே தூக்கிவிட்டார்களாம்." "டிராகன் பேசாதாம்." "முடிவையே மாற்றிவிட்டார்களாம்." எல்லாம் காதில் விழுந்த '-ஆம்'தான்.

ஊகிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பத்து முறை படித்த மாயாஜால நாவல் ஒன்று படமாகிறது என்றால் சும்மா இருக்க முடியுமா என்ன? ஊகிப்பதில் பாதி சுகம் இருக்கிறது. எனக்கு இருக்கும் வழக்கு, ஊகிக்கும் விதத்தோடு. வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பார்க்கிறோம். இவர் வந்தாரா, அவர் வந்தாரா, அந்தக் காட்சி வந்ததா? வராத பெயருக்கெல்லாம் ஒரு கண்டனம். அந்தப் பாத்திரம் கதையில் எந்த வேலையைச் செய்தது, அது போனால் அந்த வேலையை இனி யார் செய்வார்கள் என்ற கேள்வியை மிகச் சிலரே கேட்கிறார்கள். நாம் ஊகிக்க வேண்டியது அதைத்தான்.

முதலில் டீசரைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேம் பிரேமாக நிறுத்திப் பார்க்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் பெரிய படங்களின் டிரெய்லரைப் பெரும்பாலும் இயக்குநர் வெட்டுவதில்லை. அதற்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. கிராபிக்ஸ் வேலை பாதியில் நிற்கும்போதே அவர்கள் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். ஒரு காட்சியில் பேசிய வசனத்தை இன்னொரு காட்சியில் இருக்கும் முகத்தின்மேல் ஒட்டுவது அவர்களுக்கு அன்றாட வேலை. டிரெய்லரில் வந்த ஷாட் படத்தில் இல்லாமலே போவதும் உண்டு. ஆகவே டீசரில் நாயகன் அழுதுகொண்டே ஒரு பெயரைச் சொன்னான் என்பதற்காக, அந்தப் பெயருக்குரியவர் முதல் பாகத்திலேயே சாகிறார் என்று முடிவு கட்டாதீர்கள்.

கசிந்த தகவல் உண்மையாகவே இருந்தாலும் படத்துக்கு அது சாட்சியாகாது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படமாகிக்கொண்டிருந்தபோது, ஆர்வென் என்ற நாயகி வாளேந்தி ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போரில் சண்டையிடுகிறாள் என்ற செய்தி கசிந்தது. நாவலில் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். செய்தி பொய்யில்லை, அந்தக் காட்சிகளை எடுத்தே இருந்தார்கள். ஆனால் 2002-ல் அந்த வரிசையின் இரண்டாம் படமான 'தி டூ டவர்ஸ்' திரைக்கு வந்தபோது ஆர்வென் அந்தக் கோட்டையில் இல்லை, அவள் பங்கையே வேறு விதமாக மாற்றியிருந்தார்கள். 2001-ல் வந்த முதல் ஹாரி பாட்டர் படத்திலும் இதே கதை. பீவ்ஸ் என்ற குறும்புப் பேயாக ரிக் மேயல் நடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். திரையில் ஒரு நொடிகூட அந்தப் பேய் வரவில்லை.

சரி, வெட்டுக்கு வருவோம். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது அந்தத் தொழிலின் பழைய கணக்கு. அறுநூறு பக்க நாவலை நூற்றைம்பது பக்கத்தில் சொல்ல வேண்டும் என்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். இதில் என்னை ஆச்சரியப்படுத்தியவர் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை எழுதிய டோல்கீனே. அவருடைய அந்த நாவலைப் படமாக்க ஒரு திரைக்கதைச் சுருக்கம் தயாரானது. அதைப் படித்துவிட்டு 1958-ல் அவர் எழுதிய நீண்ட கடிதம் பின்னாளில் அவரது கடிதத் தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. சண்டைக் காட்சிகள்மேல் இருந்த மோகம், கழுகுகளைக் கண்ட இடத்திலெல்லாம் பறக்கவிட்டது என்று வரிசையாகத் திட்டுகிறார். கடைசிப் பகுதியை வெட்டிவிட்டீர்கள், அப்படியானால் கெட்ட மந்திரவாதி சாருமானைச் சாகடிக்க வேண்டிய காரணம் என்ன என்றும் கேட்கிறார்.

அதே கடிதத்தில் வெட்டுவதற்கு வழியும் சொல்கிறார். மர மனிதர்களான என்ட்களையும் ஹெல்ம்ஸ் டீப் போரையும் இரண்டையுமே ஒழுங்காகக் காட்ட இடமில்லையென்றால், ஒன்றை முழுசாக எடுத்துவிடுங்கள் என்கிறார். எதை எடுப்பது? போரை! மூலக்கதைக்கு அது இரண்டாம்பட்சம்தான் என்பது அவர் கணக்கு. புத்தகத்தில் அந்தப் போருக்கு ஒரே ஓர் அத்தியாயம். படத்தில் அதுதான் உச்சகட்டம், இன்றைக்கும் எல்லோரும் வாய்பிளந்து பேசுவது அந்த மழை இரவைத்தான். எழுத்தாளர் வெட்டச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு படம் ஜெயித்தது. எனவே 'மூலத்துக்கு விசுவாசம்' என்று நாம் கொடி பிடிக்கும்போது, எந்த மூலத்துக்கு என்று யோசித்துக்கொள்வது நல்லது.

நாவலில் இருந்த டாம் பாம்படில் என்ற விநோதப் பாத்திரம் படத்தில் வரவில்லை என்று இருபது வருடத்துக்கும் மேலாக ஒப்பாரி வைப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். (என் நெருங்கிய நண்பர் ஒருவர் அந்தக் கட்சி. அவரிடம் இதைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.) எனக்கும் பாம்படிலைப் பிடிக்கும். ஆனால் அவர் இல்லாததால் மோதிரத்தின் கதையில் எதுவும் சரியவில்லை. ஃபாரமிர் என்ற படைத்தலைவன் விஷயம் அப்படியில்லை. நாவலில் அவன் மோதிரத்தைச் சீண்டக்கூட மறுக்கிறான். படத்தில் மோதிரத்தைச் சுமந்து செல்லும் நாயகன் ஃப்ரோடோவைப் பிடித்து ஓஸ்கிலியத் நகரம் வரை இழுத்துப்போய், அதன் பிறகே விடுவிக்கிறான். இதற்காகச் சண்டை போடுங்கள், நியாயமான சண்டை. ஆனால் படக்குழுவின் தரப்பையும் கேட்டுவிட்டுப் போடுங்கள். யாரையும் மயக்கக்கூடிய மோதிரம் என்று இரண்டு படங்களாகப் பயமுறுத்திவிட்டு, ஒருவன் சர்வசாதாரணமாக வேண்டாம் என்றால் திரையில் அந்தப் பயம் காற்றுப்போய்விடும் என்றார்கள். ராட்சதச் சிலந்தி ஷீலாபை மூன்றாம் படத்துக்குத் தள்ளிவிட்டதால், இரண்டாம் படத்தில் ஃப்ரோடோவுக்கு வேறொரு நெருக்கடியும் தேவைப்பட்டது. ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று நகர்கிறது, பாருங்கள். நம் ஊகங்களில் இந்தச் சங்கிலி வருவதே இல்லை. ஷீலாப் அடுத்த பாகத்துக்குப் போகிறதென்றால் ஃபாரமிர் மாறுவான் என்று அன்று ஒருவர் ஊகித்திருந்தால், அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

சின்னதாக ஒன்றை எடுத்ததில் பெரிதாக ஓட்டை விழுந்ததற்கு என் கையில் இருக்கும் நல்ல உதாரணம் மூன்றாம் ஹாரி பாட்டர் படம். 2004-ல் வந்தது, அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கியது. எட்டுப் படங்களில் இதுதான் சிறந்தது என்பவர்கள் ஏராளம், நானும் அந்தப் பக்கம்தான். பள்ளிக்குள் யார் எங்கே நடக்கிறார்கள் என்று காட்டும் மாய வரைபடம் அதில் வருகிறது. அதை உருவாக்கிய நால்வரின் பட்டப்பெயர்களும் அதன்மேல் இருக்கின்றன. அந்த நால்வர் யார் என்று படம் சொல்லவே இல்லை. போனால் போகிறது, துணுக்குத் தகவல்தானே என்று தோன்றும். ஆனால் நாவலில் அந்த நால்வரில் ஒருவர் ஹாரியின் அப்பா. அவரால் ஆண்மானாக உருமாற முடியும், அதனால்தான் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். ஏரிக்கரையில் ஹாரி காவல் மந்திரத்தைச் சொல்லும்போது வெள்ளி ஒளியாக ஒரு மான் பாய்ந்து வருகிறதே, நாவல் படித்தவருக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். செத்துப்போன அப்பா மகனிடம் வந்து சேரும் இடம் அது. படம் மட்டும் பார்த்தவருக்கு அது ஓர் அழகான மான். இரண்டு மூன்று வரி வசனம் போதும், சரியாகியிருக்கும். அந்த நேரத்தில் நம் ஆட்கள் சீருடையின் நிறம் மாறியதையும் மாணவர்கள் ஜீன்ஸ் போட்டதையும் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வயதும் இப்படித்தான். 2010-ல் பெர்சி ஜாக்சன் படம் வந்தபோது 12 வயதுப் பையனைப் பெரிய பையனாக்கினார்கள். நடிகர் அழகாக இருக்கிறாரா, தலைமுடி நிறம் சரியா என்பதில்தான் பேச்சு போனது. ஆனால் அந்தத் தொடரின் ஐந்து நூல்களும் நாயகன் 16 வயதைத் தொடும்போது என்ன நடக்கும் என்ற ஒரு தீர்க்கதரிசனத்தை நோக்கித்தான் நகர்கின்றன. முதல் படத்திலேயே அந்த வயதுக்கு வந்துவிட்டவனுக்கு, காத்திருந்து பயப்பட என்ன மிச்சம்? 2023-ல் தொடராக மீண்டும் எடுத்தபோது சிறுவனையே நடிக்க வைத்தார்கள்.

2007-ல் வந்த 'தி கோல்டன் கம்பாஸ்' இதைவிடத் துணிச்சல். நாவலின் கடைசி அத்தியாயங்களைப் படமாக்கிவிட்டு வெட்டி எறிந்தார்கள். அடுத்த பாகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். நண்பனைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு சிறுமி அவனை எங்கே கொண்டுபோய் விட்டாள் என்பதில்தான் அந்த நாவலின் உயிரே இருக்கிறது. படமோ, எல்லாம் சரியாகிவிடும் என்ற முகத்தோடு வானில் பறந்தபடி முடிகிறது. அடுத்த பாகம் வரவே இல்லை.

எல்லாவற்றையும் வைத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்பவர்களுக்கு 'தி ஹாபிட்' இருக்கிறது. சுமார் முந்நூறு பக்கக் குழந்தை நாவல், ஏறக்குறைய எட்டு மணிநேரத்துக்கு மூன்று படங்கள். நாவலில் கடைசிப் போர் சூடுபிடிக்கும் நேரத்தில் நாயகன் பில்போ தலையில் கல் விழுந்து மயங்கிவிடுகிறார். கண்விழிக்கும்போது போர் முடிந்திருக்கிறது. என்ன ஒரு தைரியமான குறும்பு! அந்த மயக்கத்துக்கு வெளியே நடந்ததையெல்லாம் காட்டுகிறேன் என்று ஒரு முழுப் படம் எடுத்தார்கள். கேட்டதற்கு மேலேயே கொடுத்தார்கள், நாம்தான் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மறுபக்கம் 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்'. 1986-ல் வந்த நாவல், 2004-ல் ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகி எடுத்த படம். அந்த மாயக் கோட்டையின் கதவில் நான்கு நிறங்கள் உண்டு, கைப்பிடியைத் திருப்பினால் வேறு வேறு ஊர்களில் திறக்கும். நாவலில் கறுப்பு நிறம் கோட்டையின் சொந்தக்காரனான மந்திரவாதி ஹவுல் பிறந்த வேல்ஸுக்கு, அதாவது நாம் வாழும் இந்த உலகத்துக்கே திறக்கிறது. படத்தில் அது போரின் இருட்டுக்குள் திறக்கிறது. இதைவிடப் பெரிய மாற்றம் வேண்டுமா? ஆனால் அந்தக் கதவு செய்யும் வேலை அப்படியே இருக்கிறது. ஹவுல் எல்லோரிடமும் மறைக்கும் பக்கம் எதுவோ, அங்கேதான் கறுப்பு திறக்கிறது. நாவலாசிரியர் டயானா வின் ஜோன்ஸ் படத்தைப் பாராட்டவே செய்தார்.

எழுத்தாளர் பெயர் வந்ததால் இதையும் சொல்கிறேன். "எழுத்தாளரே கூட இருக்கிறார், பயமில்லை" என்று யாராவது ஆறுதல் சொன்னால், ஒப்பந்தத்தில் அவருக்கு என்ன அதிகாரம் என்று கேளுங்கள். 1984-ல் 'தி நெவர் எண்டிங் ஸ்டோரி' வந்தபோது அதன் நாவலாசிரியர் மிகாயேல் எண்டே கடும் கோபத்தில் நீதிமன்றம் வரை போனார், தோற்றார். உர்சுலா லெ குவின் படைத்த எர்த்ஸீ உலகத்தில் நாயகன் செம்பழுப்பு நிறத்தவன், அங்கே வெள்ளைத் தோல்தான் சிறுபான்மை. 2004-ல் தொலைக்காட்சிக்கு எடுத்தவர்கள் அவனை வெள்ளையனாக்கினார்கள். தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்று அவர் வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது. நடிகர் தேர்வைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறவர்கள் இந்த மாதிரி இடத்தில் பேசலாம். நிறம் கதையில் ஒரு வேலை செய்கிறது, அதை எடுத்தால் கதை மாறுகிறது. அதை விட்டுவிட்டு, யாரோ ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் முகம் உங்கள் மனதில் இருந்த முகம்போல இல்லை என்பதற்காக அவளுடைய சமூக வலைதளப் பக்கத்தில் போய் வசைபாடுவது ஊகமும் இல்லை, விமர்சனமும் இல்லை. அந்தப் பெண் திரைக்கதை எழுதவில்லை.

ஆகவே அடுத்த டீசர் வரும்போது உங்களிடம் நான் எதிர்பார்ப்பது இதுதான். டிராகன் பேசுமா பேசாதா என்று பந்தயம் கட்டுங்கள், தவறில்லை. கூடவே, அது பேசாவிட்டால் நாவலில் அது சொன்ன ரகசியத்தை நாயகி எப்படித் தெரிந்துகொள்வாள் என்றும் எழுதுங்கள். மந்திரத்துக்கு நாவலில் ஒரு விலை உண்டே, ஒவ்வொரு முறையும் ஒரு நினைவை இழப்பதோ, ஓர் ஆயுளாண்டைக் கொடுப்பதோ. அந்த விலையைப் படம் வசூலிக்கிறதா என்று பாருங்கள். டீசரில் நாயகி கைவீச்சில் இருபது பேரைத் தூக்கி எறிந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள் என்றால் அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். சூனியக்காரி வந்தாளா இல்லையா என்பது பிறகு.

இன்னொன்று. மேலே நானே சில கதைகளின் முடிச்சுகளை அவிழ்த்திருக்கிறேன், அவை எல்லாம் வந்து வருடங்கள் ஆன படங்கள். இப்போது எடுத்துக்கொண்டிருக்கும் நாவலை இன்னும் படிக்காதவர்கள், படம் வருகிறதென்ற செய்தி கேட்டுத்தான் புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கிறார்கள். "கடைசியில் அவன் துரோகி என்பதை மாற்றுவார்களா?" என்று தலைப்பிலேயே கேட்காதீர்கள். ஸ்பாய்லர் என்று ஒரு வரி போட்டுவிட்டு உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு வாசகர்