சேர்ப்பதற்கு முன் எண்ணிப் பார்

அன்புள்ள மல்லிகா,

கடிதம் வந்தது. யாழினிக்கு 2025 நீட்டில் 720க்கு 412. இன்னொரு வருஷம் இருந்து எழுதப் போகிறாள். ஹாஸ்டலோடு கோச்சிங்கா, வீட்டிலிருந்தே படிப்பதா என்று வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். இடத்தை அப்புறம் பார்ப்போம். போன 308 மார்க் எங்கே போயிற்று என்று முதலில் எண்ணிப் பார்.

ஸ்கோர் கார்டில் பாடவாரியாக மார்க் இருக்காது, நூறில் எத்தனை பேரை முந்தினாள் என்று காட்டும் பெர்சென்டைல்தான் இருக்கும். இறுதி விடைக்குறிப்பையும் அவள் விடை வட்டங்களை நிரப்பிய ஓஎம்ஆர் தாளின் நகலையும் பக்கத்தில் வைத்து நீயே எண்ண வேண்டும். நீ எழுதியபடி உயிரியல் 260, வேதியியல் 100, இயற்பியல் 52 என்றால், அந்த 52 எப்படி வந்தது? சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1, விட்டதற்கு ஒன்றுமில்லை. 17 சரி, 16 தப்பு, 12 விட்டது என்றாலும் 52 வரும். 13 மட்டும் எழுதி அத்தனையும் சரி என்றாலும் 52தான். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

மார்க் போன ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு குறி போடச் சொல்: ஒன்று, பாடமே தெரியாது; இரண்டு, தெரியும், ஆனால் தப்பு விட்டேன்; மூன்று, நேரம் போதவில்லை. முதல் குறி அதிகமென்றால் எதிரில் நின்று பாடம் நடத்த ஆள் வேண்டும், கோச்சிங் செலவு நியாயம். பின்னிரண்டும்தான் அதிகமென்றால், கேட்ட பாடத்தையே மறுபடி நாளெல்லாம் உட்கார்ந்து கேட்பது வீண். ஒரு டெஸ்ட் சீரிஸும், வாரத்துக்கு இரண்டு நாள் இயற்பியல் சந்தேகம் தீர்க்க ஒருவரும் இருந்தால் வீடே போதும்.

கோச்சிங்தான் என்று முடிவானால், வாசலில் தொங்கும் பேனரைப் பார்க்காதே. இவளைப் போல மறுபடி எழுதுகிறவர்களின் ரிப்பீட்டர் பேட்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு சீட் கிடைத்தது என்று கேள். முதல் எண்ணைச் சொல்ல மாட்டார்கள். மழுப்பினால் அதையே பதிலாக வைத்துக்கொள். டெஸ்ட் முடிந்தபின் தாளை அலசுவதற்குத் தனி வகுப்பு உண்டா, நடுவில் விலகினால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதையும் கேள். பண விஷயம் எழுத்தில் வேண்டும்.

வீடு என்றால் வாரத்தின் அச்சாணி ஞாயிறு பிற்பகல் 2 முதல் 5 வரை எழுதும் முழு மாதிரித் தேர்வு. அசல் தேர்வு நேரம் அதுதான். சாப்பிட்டவுடன் கண் சொருகும் நேரத்தில் மூளை வேலை செய்யப் பழக வேண்டும். 180 கேள்வி, 180 நிமிடம். உயிரியல் 90 கேள்வியை 50 நிமிடத்தில் முடித்தால், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65 போக 15 நிமிடம் மிஞ்சும். வட்டங்களைப் பக்கத்துக்குப் பக்கம் நிரப்பிக்கொண்டே வரட்டும். கடைசியில் மொத்தமாக நிரப்பப் போய் ஒரு வரி தள்ளிப்போனால், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் போச்சு. நேரம் பழக 2025 தாள்தான் சரி. 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180 எழுதச் சொன்னார்கள், நேரமும் பெரும்பாலும் 200 நிமிடம். அந்தத் தாள்களைப் பாடவாரிப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

எழுதும்போதே கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் உறுதி, அரைகுறை, குருட்டாம்போக்கு என்று ஓர் எழுத்துக் குறி போடட்டும். 'தெரியாததைத் தொடாதே' என்பார்கள். கணக்கு அப்படியே அதை ஒப்புவதில்லை: நாலில் ஒன்றைக் கண்மூடி அடித்தாலும் சராசரியில் கால் மார்க் லாபம், தப்பென்று தெரிந்த இரண்டைக் கழித்துவிட்டு அடித்தால் ஒன்றரை. ஆபத்து 'உறுதி' என்று போட்டுத் தப்பானவற்றில்தான் இருக்கிறது. கிடைத்திருக்க வேண்டிய 4 போய், கையிலிருந்து 1 போய், ஒரு கேள்விக்கு 5 மார்க் இடைவெளி. திங்கள் காலை முழுக்க அவற்றுக்கே. என்ன நினைத்தாள், புத்தகத்தில் எந்த வரி அதைத் திருத்துகிறது என்று நோட்டில் எழுதி, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, மூன்று வாரம் கழித்து ஒரு முறை விடையை மூடிவைத்துப் போட வேண்டும். அலுப்பான வேலை. பிள்ளைகள் இதைத்தான் முதலில் கைவிடுவார்கள்.

இயற்பியலில் சூத்திரம் தெரியாமல் போவதைவிட, சென்டிமீட்டரை மீட்டராக்காமல் விடுவதும், பத்தின் அடுக்கில் சறுக்குவதும், லென்ஸ் கணக்கில் பொருளின் தூரத்துக்கு மைனஸ் போட மறப்பதும்தான் அதிகம். கால்குலேட்டர் கிடையாது, தினமும் பத்து நிமிடம் வெறும் பெருக்கல் வகுத்தல் போடட்டும். மின்னோட்டம், ஒளியியல், அணு, குறைகடத்தி இவற்றில் நேரடிக் கேள்விகள் நிறைய வரும், அங்கே தொடங்கலாம்.

வேதியியலில் ஒன்று கவனி. பிளஸ் டூவில் படித்த உலோகவியல், திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல் எல்லாம் 2024 முதல் நீட் பாடத்திட்டத்தில் இல்லை. உயிரியலில் செரிமானம், தாவரங்களின் கனிம ஊட்டமும் அப்படியே. ரிப்பீட்டர் அதில் நாள் கழிக்கக் கூடாது. உயிரியலுக்கு என்சிஇஆர்டி பாடப்புத்தகம் வரிக்கு வரி. படத்தின் கீழே உள்ள குறிப்பும் சேர்த்து.

தமிழில் எழுதினால் வினாத்தாள் தமிழும் ஆங்கிலமுமாக வரும், ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே செல்லும். அதனால் கலைச்சொற்களை இரண்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

'எத்தனை மார்க் எடுத்தால் கிடைக்கும்' என்று கேட்டிருந்தாய். மார்க்கை வைத்துச் சொல்ல முடியாது. 2024இல் 720க்கு 720 பலர். 2025இல் முதலிடமே 686. உங்கள் வகுப்புப் பிரிவில் மாநில ஒதுக்கீட்டில் கடைசி சீட் எந்த ரேங்க்கில் முடிந்தது என்று மூன்று வருஷத்துக்குப் பார். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியல் தனி. யாழினி எட்டாவது வரை எங்கே படித்தாள் என்று மறந்துவிட்டது, எழுது.

எண்ணி முடித்ததும் அந்த மூன்று குறிகளின் கணக்கை அனுப்பு. அதுவரை எங்கும் அட்வான்ஸ் கட்டாதே.

அன்புடன்,
வசந்தா