டைனம் ஊரின் தேவாலயக் கதவு

இலண்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? அன்றைக்குப் போனில் தொடங்கின கதை பாதியில் நின்றுவிட்டது, அதுதான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு டோர்செட் பக்கம், கடலுக்குக் கிட்ட இருக்கிற டைனம் என்ற குட்டி ஊருக்குப் போனோம். ஊர் என்றால் ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், கூரையில்லாத கொஞ்சக் கல்வீடுகள். குடியிருக்க ஒருவரும் இல்லை. இரண்டாம் உலகச் சண்டை நேரம், 1943 கார்த்திகையில், படைப் பயிற்சிக்கு இடம் வேண்டும், மார்கழி 19க்குள் வெளிக்கிடுங்கள் என்று அங்கேயுள்ள சனத்துக்குக் கடிதம் வந்ததாம். இருநூறு பேருக்கு மேல். போகும்போது தேவாலயக் கதவில் ஒரு கடதாசி குத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்: தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பாருங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்று. சண்டை முடிந்தது. ஆனால் 1948இல் அரசாங்கம் காணிகளைக் கட்டாயமாக வாங்கிவிட்டது. ஒருவரும் திரும்பிக் குடிவரவில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கம் சூட்டுப் பயிற்சிதான். அநேகமான சனி ஞாயிறுகளில் மட்டும் பார்க்க விடுகிறார்கள்.

பிள்ளைகள் குறைந்து 1932இலேயே மூடின பள்ளிக்கூடத்தை இப்போது திருத்தி வைத்திருக்கிறார்கள். சட்டை கொழுவுகிற இடத்தில் பிள்ளைகளின் பெயர்கள் அப்படியே இருக்கின்றன.

அப்புறம் ஒரு வீட்டுக்குள் போய் நின்றேன். மேல்மாடித் தளம் உக்கிப் போய்விட்டது, மாடி அறையின் அடுப்பு மட்டும் சுவரில் அந்தரத்தில் நிற்கிறது. பக்கத்தில் ஒரு பலகை. அந்த வீட்டில் யார் இருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு அப்படி. நான் அதில் கனநேரம் நின்றுவிட்டேன்.

1990 ஆனியில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கி நாங்கள் பலாலியை விட்டு வெளிக்கிட்டபோது நீங்கள் முன்கதவைப் பூட்டி, திறப்பை முந்தானையில் முடிந்தது நினைவு வந்தது. நாங்கள் கதவில் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. இரண்டு கிழமையில் வந்துவிடலாம் என்றுதானே நினைத்தோம்.

பலாலியில் எங்கள் ஒழுங்கையில் ஆறேழு வீடுதான் எனக்கு நினைவிருக்கிறது. தம்பியின் பிள்ளைகளுக்கு அதுவும் தெரியாது. உங்களுக்கு எல்லாம் தெரியும், அம்மா. யார் வீடு, எந்த வளவில் என்ன மரம், எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள். நான் கொப்பியில் படம் கீறி எழுதிக்கொள்கிறேன். வருகிற சனி பின்னேரம் எடுக்கிறேன். சந்தியில் இருந்த புளியமரத்தடியிலிருந்து தொடங்குவோம்.

உங்கள் அன்பு மகள்